பந்தியிலிருந்து எழுந்தவர்

திருப்பூர் அனுப்பர்பாளையத்தில், எட்டு வீட்டுக்கு இரண்டு குழாய் என்று இருந்த ஒரு காம்பவுண்டில், மூன்றாவது வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டாவது ஈடு இட்லி இறங்குவதற்குள், கோகிலவாணியின் கல்யாண வீடியோவுக்குள்ளிருந்து ஒருவர் எழுந்து ஹாலுக்கு வந்துவிட்டார். சந்தன நிறச் சட்டை போட்டிருந்தார், கரை வேட்டி கட்டியிருந்தார், மண்டப வாசலில் தெளித்த பன்னீர் அவர் தோளில் இன்னும் ஈரமாக இருந்தது, வலது கையில் சாம்பார் சாதம் ஒட்டியிருந்ததால் அதை எதிலும் படாமல் நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தார். வீடு தேடி வந்தவரை வாங்க என்று சொல்லாமல் இருக்க முடியாது என்பதால் கோகிலவாணி கரண்டியும் கையுமாக "வாங்க" என்றாள், அவரும் தலையை ஆட்டினார், அதற்கப்புறம்தான் இவர் யார் என்ற யோசனையே அவளுக்கு வந்தது.

எல்லாம் ஒரு டிபன் டப்பாவால் வந்தது. அவள் புருஷன் சௌந்தரபாண்டி பனியன் கம்பெனியில் தையல் மெஷின்களுக்கு ரிப்பேர் பார்ப்பவன், எந்தப் பொருளையும் கடையில் முழுசாக வாங்கினால் தூக்கம் வராதவன். தெருவே பெரிய பெரிய டிவியாக வாங்கி இன்டர்நெட்டில் படம் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவன் உள்ளங்கை அகலத்தில் ஒரு கம்ப்யூட்டர் பலகையை வாங்கிக்கொண்டு வந்தான். மகள் அபிநயா பள்ளிக்கூடம் கொண்டுபோன பிளாஸ்டிக் டிபன் டப்பாவைப் பரணிலிருந்து எடுத்து, கம்பியைக் காய்ச்சிச் சூடு போகிற மாதிரி ஓட்டை போட்டு, பலகையை உள்ளே உட்காரவைத்து, மெமரி கார்டில் எதையெதையோ ஏற்றிச் சொருகி, கம்பெனியில் கழித்துப் போட்ட ஹார்ட் டிஸ்கை ஒரு பக்கமும் பழைய டிவியை இன்னொரு பக்கமும் ஒயரால் கோத்து, தன் செல்போன் சார்ஜரிலிருந்தே கரண்டும் கொடுத்தான். திரையில் படங்கள், பாட்டுகள், வீட்டு வீடியோக்கள் என்று கட்டம் கட்டமாக வந்து நின்றன. மேல் மூலையில் மட்டும் ஒரு சின்ன மஞ்சள் மின்னல் வந்து வந்து போனது. "சார்ஜர் பத்தல, வேற ஒண்ணுமில்ல" என்றான் சௌந்தரபாண்டி. வீடியோவிலிருந்து ஆள் எழுந்து வந்தபோதும் அவன் அதையேதான் சொன்னான்.

அந்தக் கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்ப்பதற்காகத்தான் டப்பாவே செய்தது. கோகிலவாணி கோபிசெட்டிபாளையத்துக்காரி, சௌந்தரபாண்டி அருப்புக்கோட்டைக்காரன். ஒரே கம்பெனியில் வேலை பார்த்து, ஒருவரையொருவர் பிடித்துப்போய், ரெண்டு வீட்டின் காலிலும் விழுந்து சம்மதம் வாங்கி, ரெண்டு ஊருக்கும் பொதுவாகத் திருப்பூரிலேயே மண்டபம் பிடித்தார்கள். தாலி ஏறியது வரைக்கும் ஒரு குறையும் இல்லை. பந்தியில்தான் வினை வந்தது. இலையில் கை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவரை, இது எங்கள் ஆட்களுக்குப் போட்ட வரிசை என்று யாரோ தோளைத் தொட்டு எழுப்பிவிட்டார்கள். எழுப்பப்பட்டவர் எங்கள் ஆள், எழுப்பியவன் அருப்புக்கோட்டைக்காரன் என்றது கோபி. எழுப்பப்பட்டவர் எங்கள் ஆள், எழுப்பியவன் கோபிக்காரன் என்றது அருப்புக்கோட்டை. எழுப்புவதையும் எழுப்பிவிட்டு எங்கள் ஆள் என்று சாதிக்கிறார்களே பார் என்று ரெண்டு பக்கமும் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு, ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வேனில் ஏறிப் போய்விட்டார்கள். பொண்ணும் மாப்பிள்ளையும் உட்கார வேண்டிய கடைசிப் பந்தி நடக்கவே இல்லை. தன் கல்யாணச் சாப்பாட்டில் ஒரு வாய்கூட கோகிலவாணி சாப்பிட்டதில்லை, அன்றைக்குச் சாயங்காலம் அவர்கள் ரெண்டு பேரும் பஸ் ஸ்டாண்டு பக்கம் பரோட்டா தின்றார்கள்.

இருபத்திரண்டு வருஷம் ஆகியும் அந்தக் கோபம் ஆறவில்லை. அவள் அண்ணன் சென்னியப்பன் வருகிற நாளில் சௌந்தரபாண்டியின் அக்கா பேச்சியம்மாள் வரமாட்டாள், பேச்சியம்மாள் வந்து போன நாற்காலியில் சென்னியப்பன் உட்காரமாட்டார். இப்போது அபிநயாவுக்கு மாப்பிள்ளை முடிவாகிவிட்டது. தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்க வேண்டும், அத்தை விளக்குப் பிடிக்க வேண்டும், இரண்டும் ஒரே மேடையில் நடக்க வேண்டும். "மாமாவும் அத்தையும் சேர்ந்து நிக்கலேன்னா எனக்கு மண்டபமே வேண்டாம், ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு வந்துர்றேன்" என்று அபிநயா சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் செய்கிறவள். தன் மகளுக்காவது ஒரு கல்யாணம் முழுசாக நடந்து, பந்தி முழுசாக நடந்து, எல்லோரும் வயிறு நிறைந்து போகவேண்டும் என்பதைத் தவிர கோகிலவாணிக்கு வேறு ஆசை கிடையாது. எழுந்தவர் யார் என்று வீடியோவைப் பார்த்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் ஒரு பக்கம் மன்னிப்புக் கேட்டுவிடும் என்பது சௌந்தரபாண்டியின் கணக்கு. அதனால் கேசட்டை ஹார்ட் டிஸ்கில் ஏற்றினான், அந்த ஞாயிற்றுக்கிழமை ஓடவிட்டான், அந்த ஆள் இலையிலிருந்து எழுந்த இடத்தில் அபிநயா ரிமோட்டில் நிறுத்தினாள், மூலையில் மின்னல் வந்தது, அவர் வந்துவிட்டார்.

அவர் வந்த பிறகு வீடியோ நகரவில்லை. அவர் இருந்த இடத்தில் பாதி சாப்பிட்ட இலை மட்டும் கிடந்தது, பக்கத்து இலைக்காரர் அப்பளத்தைக் கடித்தபடி அப்படியே நின்றுவிட்டார், 'விட்ட இடத்திலிருந்து தொடரவா?' என்று டப்பா கேட்டது, ஆமாம் என்று அழுத்தினால் மறுபடியும் அதையே கேட்டது.

கோகிலவாணி அவரை அருப்புக்கோட்டை ஆள் என்று நினைத்தாள். கோபிக்காரி வந்தவரைப் பட்டினி போட்டாள் என்று நாளைக்கு நாத்தனார் வாயில் விழக்கூடாது என்று பயந்து, விழுந்து விழுந்து கவனித்தாள். "மாமா, ஃபேன் போடட்டுங்களா? மாமா, மோர் குடிக்கறீங்களா?" என்று கேட்டாள். சௌந்தரபாண்டி அவரைக் கோபி ஆள் என்று நினைத்தான். மச்சான் காதுக்குப் போனால் வம்பு என்று, தன் கட்டிலை விட்டுக்கொடுத்துத் தரையில் படுத்தான், "மாமா, கொசு கடிக்குதா?" என்று அவனும் கேட்டான். பேச்சை வைத்து ஊரைக் கண்டுபிடிக்கலாம் என்றால் அவர் வாயைத் திறப்பதே அபூர்வமாக இருந்தது. சாப்பிடக் கூப்பிட்டால் "இருக்கட்டும், பந்தி வரட்டும்" என்பார். அந்த மூன்று வார்த்தையைக் கோபியிலும் அப்படித்தான் சொல்வார்கள், அருப்புக்கோட்டையிலும் அப்படித்தான் சொல்வார்கள்.

காம்பவுண்டு அவரைச் சுலபமாக ஏற்றுக்கொண்டது. ஐந்தாம் வீட்டு ரெஜினா, பனியனுக்கு ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறவள், குடத்தோடு வந்தபோது அவரைப் பார்த்து, "யாருக்கா இது, விருந்தாளியா?" என்று கேட்டாள். "அவங்க வீட்டு ஆளுங்க, கல்யாணத்துக்கு வந்தவரு" என்றாள் கோகிலவாணி. "கல்யாணம் முடிஞ்சு இவ்வளவு வருஷமாச்சே, இப்பத்தான் வாராரா?" என்றாள் ரெஜினா. "வீடியோவுல இருந்து வந்தாருங்க." "ஓ, அப்படியா" என்று சொல்லிவிட்டு ரெஜினா குடத்தைக் குழாயடியில் வைத்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வேலைக்குப் போகிறவர்கள் அவரிடம் சாவியைக் கொடுத்தார்கள், தண்ணீர் வரும் நாளில் வாளிகளுக்குக் காவலாக அவரை நிறுத்தினார்கள், பார்சல் வந்தால் அவர் வாங்கி வைத்தார். எல்லாவற்றையும் இடது கையால்தான் செய்தார், ஒவ்வொரு தடவையும் "இடது கை, தப்பா நினைக்காதீங்க" என்றார். வலது கையைக் கழுவச் சொல்லி எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தார்கள். சாப்பிட்டு முடிக்காமல் எப்படிக் கழுவுவது என்பது போலப் பார்த்தார். அந்தக் கையில் சாம்பார் காயவே இல்லை.

ஒரே தொல்லைதான் அவரால். யார் வீட்டில் யார் சாப்பிட உட்கார்ந்தாலும், அடுத்த பந்திக்கு இடம் பிடிக்கிறவர் மாதிரி வந்து முதுகுக்குப் பின்னால் நின்றுவிடுவார். ஒன்றும் கேட்கமாட்டார், ஒன்றும் சொல்லமாட்டார், பன்னீர் வாசனை மட்டும் வரும். "அவரு நிக்கிறப்போ எனக்குச் சோறு எறங்குமாக்கா?" என்று ரெஜினா புலம்பினாள். எட்டு வீட்டிலும் சாப்பாடு அவசர அவசரமாக நடந்தது. கறிக்குழம்பு வைத்த வீடுகள்கூட குற்றவாளிகள் மாதிரி தின்றன. ஆனாலும் அவரைப் போகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, ஏற்கெனவே ஒரு தடவை எழுப்பிவிட்டவரை இன்னொரு தடவை எப்படி எழுப்புவது?

ரெஜினாவும் ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்தாள். அதில் அவள் தம்பி கல்யாணத்தில் அவள் அப்பா மைக்கைப் பிடித்துக்கொண்டு அறிவிப்புச் செய்கிற காட்சி இருந்தது. அவர் செத்துப்போய்க் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. டப்பாவில் சொருகி, அப்பா சிரிக்கிற இடத்தில் நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மின்னல் வந்தது, போனது, அப்பா திரையிலேயே இருந்தார். "சார்ஜர் பத்தலம்மா" என்றான் சௌந்தரபாண்டி. "இவரு வந்தாரே?" என்று கேட்டு அவள் அழுதாள். சந்தன நிறச் சட்டைக்காரர்தான் இடது கையால் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவளுக்குக் கொடுத்தார்.

குட்டு உடைந்தது ஒரு சட்டையால். பன்னீர் ஈரத்தோடேயே இருக்கிறாரே என்று கோகிலவாணி ஒரு புதுச் சட்டையை எடுத்து, "இத உங்க ஆளுக்குக் குடுங்க, நான் குடுத்தா வாங்க மாட்டேங்கறாரு" என்று புருஷனிடம் நீட்டினாள்.

"எங்க ஆளா? உங்க ஆளுல்ல?" என்றான் சௌந்தரபாண்டி.

"என்னுங்க சொல்றீங்க? அருப்புக்கோட்டைக்காரர்தானே இவரு?"

"எங்க சனத்துல ஒவ்வொரு மொகமும் எனக்குத் தெரியும் கோகிலா. இவுகள அந்த ஞாயித்துக்கெழமைக்கு முன்ன நான் பாத்ததே இல்ல. உங்க பக்கமின்னுதான கட்டில விட்டுட்டுத் தரையில கெடக்கேன்!"

"அட கடவுளே, நானும் பாத்ததில்லீங்களே" என்றாள் கோகிலவாணி. இரண்டு பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அபிநயா தோசை தின்பதைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரிடமே கேட்டார்கள். நீங்கள் யார், எந்த ஊர், யார் அழைத்து வந்தீர்கள் என்று மாறி மாறிக் கேட்டார்கள். "கல்யாணத்துக்கு வந்தேன்" என்றார். யார் கல்யாணத்துக்கு என்றால் உங்கள் கல்யாணத்துக்கு என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை. இனி நம்மால் ஆகாது என்று சௌந்தரபாண்டி இரண்டு ஊருக்கும் போன் போட்டு, பந்தியிலிருந்து எழுந்தவர் நம் வீட்டில்தான் இருக்கிறார், வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டான். எங்கள் ஆளை இத்தனை வருஷம் கழித்து அவர்கள் கண்ணில் காட்டாமல் விடுவதில்லை என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கமும் கிளம்பி வந்தது.

சென்னியப்பன் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து வாசலின் இந்தப் பக்கம் நின்றார். பேச்சியம்மாள் பட்டுச் சேலையில் வந்து அந்தப் பக்கம் நின்றாள். ஒருவரை ஒருவர் பார்க்காமல் இரண்டு பேரும் உள்ளே பார்த்தார்கள். கோகிலவாணி அவர்கள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கண்ணில் ஒரு அடையாளமும் தெரியவில்லை. நாத்தனார் கண்ணிலும் தெரியவில்லை. சந்தைக்குப் போய் எதை வாங்க வந்தோம் என்று மறந்தவர்கள் மாதிரி இருவரும் ஒரு நிமிஷம் நின்றார்கள்.

பிறகு சென்னியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அட, நம்ம மாமனுங்க! நல்லா இருக்கறீங்களா?" என்று கும்பிட்டார்.

"எங்க சித்தப்பா!" என்று பேச்சியம்மாள் உரக்க அழ ஆரம்பித்தாள். "இலையில கைய வச்ச மனுசன எந்திரிக்க வச்சுட்டாகளே, அந்தப் பாவம் சும்மா விடுமா?"

"உங்க சித்தப்பாவா? எங்க பெரியப்பன் வீட்டு மாப்பிள்ளைங்க அவரு!" என்றார் சென்னியப்பன்.

"அப்படீன்னா அவுக பேரச் சொல்லச் சொல்லு தம்பி" என்று பேச்சியம்மாள் சௌந்தரபாண்டியைப் பார்த்துச் சொன்னாள். "முதல்ல அவங்க சொல்லட்டும் மாப்ள" என்று சென்னியப்பனும் அவனையே பார்த்துச் சொன்னார். இருவரும் சொல்லவில்லை. இத்தனை வருஷத்துக் கோபம் மொத்தமும் இந்த ஒரு ஆளின் மேல்தான் நின்றுகொண்டிருக்கிறது, இவர் யாருடைய ஆளும் இல்லை என்றால் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை, அதனால் தெரியாத ஆளைத் தெரிந்த ஆள் என்று பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள் என்று கோகிலவாணிக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய, அதைச் சொன்னால் இரண்டு பேரும் வந்த வழியே போய்விடுவார்களே. மகளைப் பார்த்தாள். அபிநயா முகம் இறுகி நின்றாள்.

அப்போது அவர், "பந்தி போடலையா?" என்று கேட்டார்.

பந்தி போட்டார்கள். ஏற்கெனவே எட்டு வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமைச் சமையல் பாதியில் இருந்தது. ஒரு வீட்டுச் சாம்பார், ஒரு வீட்டுப் பொரியல், ரெஜினா வைத்த பாயசம் என்று எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தன, காம்பவுண்டு நடுவில் பாயை விரித்து இலை போட்டார்கள். கோபி ஆட்களை ஒரு ஓரமும் அருப்புக்கோட்டை ஆட்களை மறு ஓரமும் உட்கார வைத்து, நடுவில் அவரை உட்கார வைத்தார்கள். அவர் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு இலை காலியாகக் கிடந்தது, பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் மறுபக்கத்துக்குக் கோபம் வரும் என்று ஒருவரும் உட்காரவில்லை. கோகிலவாணி சோறு போட்டாள், சாம்பார் ஊற்றினாள். அவர் சாப்பிடவில்லை. பக்கத்து இலையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"நீங்க சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார்.

இருபத்திரண்டு வருஷத்தில் இதை அவளிடம் யாரும் அந்த அர்த்தத்தில் கேட்டதில்லை. "இல்லீங்க" என்றாள்.

"நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"

என்ன கேள்வி இது, நான்தானே பொண்ணு என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். கோபிக்குப் போனால் அருப்புக்கோட்டைக்காரி என்பார்கள், அவள் வைத்த குழம்பில் புளி தூக்கல் என்பார்கள். அருப்புக்கோட்டைக்குப் போனால் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரி என்பார்கள், அவள் பேசுகிற மாதிரி பேசிச் சிரிப்பார்கள். விசேஷ வீடுகளில் இரண்டு பக்கமும் போட்டோவுக்கு நிற்கும்போது, எந்த ஓரத்தில் நிற்பது என்று தெரியாமல் பாத்திரம் எடுக்க உள்ளே போய்விடுவது அவள் வழக்கம். இதெல்லாம் அவளுக்கு இன்றைக்குத்தான் ஒன்றாக ஞாபகம் வந்தது. அழுகை வந்தது.

"தெரியலீங்களே" என்றாள்.

"அப்போ நம்ம பக்கம்" என்றார் அவர். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். "உக்காருங்க."

கோகிலவாணி சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். ரெஜினா ஓடிவந்து அவள் இலையில் சோறு போட்டாள். அவர் சாப்பிட ஆரம்பித்தார், அவளும் சாப்பிட ஆரம்பித்தாள், வாய் நிறையச் சோறும் கண் நிறையத் தண்ணீருமாக, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்: "அண்ணா, இவரு யாருன்னு உங்களுக்குத் தெரியாது. அண்ணி, உங்களுக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. அன்னைக்கு யாரோ ஒரு மனுசனுக்குப் பசிச்சுது, சாப்பிட உக்காந்தாரு, அவ்வளவுதான். அவரு சாப்பிட்டு முடிக்கட்டும். நானும் சாப்பிட்டு முடிச்சுக்கறேன். அதுக்கப்புறம் சண்டை போட்டுக்குங்க."

கொஞ்ச நேரம் கழித்து அவர் இலையில் சோறு தீர்ந்துபோனது. அதைச் சென்னியப்பனும் பார்த்தார், பேச்சியம்மாளும் பார்த்தாள். முதலில் எழுந்தது யார் என்று பிற்பாடு இரண்டு ஊரிலும் வேறு வேறு மாதிரிச் சொன்னார்கள், சென்னியப்பன் ரசவாளியை எடுத்ததும் பேச்சியம்மாள் சோற்றுத் தட்டை எடுத்ததும் மட்டும் எல்லோரும் ஒப்புக்கொண்டது.

"ஏனுங்க அக்கா, அம்மிணிக்கும் இன்னுங் கொஞ்சம் போடுங்க" என்றார் சென்னியப்பன். அவர் பேச்சியம்மாளிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"போடுதேன் தம்பி, நீங்க ரசத்தக் கொண்டாங்க" என்றாள் பேச்சியம்மாள்.

பாயசம் வரைக்கும் சாப்பிட்டு, இலையை மடித்துவிட்டு அவர் எழுந்தார். அவராகவே எழுந்தார். குழாயடிக்குப் போய் வலது கையை நன்றாகத் தேய்த்துக் கழுவினார், ரெஜினா கொடுத்த துண்டில் துடைத்தார், எல்லோருக்கும் பொதுவாக வலது கையைத் தூக்கி "வரேன்" என்று சொல்லிவிட்டு கேட்டைத் திறந்துகொண்டு ரோட்டில் நடந்து போனார். ஹாலில் அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது, வரிசையில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், ஒரே ஒரு இலை மட்டும் மடித்துக் கிடந்தது. மூலையில் மின்னல் இல்லை. சௌந்தரபாண்டி சார்ஜரைத் தொட்டுப் பார்த்தான், அது பழைய சார்ஜர்தான்.

அவர் எந்தப் பக்கத்து ஆள் என்பதில் அதற்குப் பிறகும் குழப்பம் தீரவில்லை. ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்ததைப் பார்த்தால் கோபிப் பக்கம்தான் என்று சென்னியப்பன் சொல்லிக்கொண்டிருந்தார், பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டதை நான் பார்த்தேன் என்று பேச்சியம்மாள் சொல்லிக்கொண்டிருந்தாள், ஆனால் இந்தத் தகராறை இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து காப்பி குடித்தபடி போட்டுக்கொண்டார்கள்.

அபிநயா கல்யாணத்தில் மாமன் மாலை எடுத்துக் கொடுத்தார், அத்தை விளக்குப் பிடித்தாள். இரண்டாம் பந்தி நடக்கும்போது அந்த இரண்டு பேரும் சேர்ந்து கோகிலவாணியைச் சாப்பாட்டு ஹால் வாசலுக்குக் கூப்பிட்டார்கள். ஓரத்து வரிசையில் ஒரு பையைத் தோளில் மாட்டியபடியே ஒருவன் தலை நிமிராமல் அள்ளி அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சட்டை கசங்கியிருந்தது, மண்டபத்துப் பன்னீர்கூட அவன் மேல் படவில்லை.

"அம்மிணி, மாப்பிள்ளை வீட்டுல கேட்டேன், தெரியாதுங்கறாங்க" என்றார் சென்னியப்பன் மெதுவாக.

"எங்க பக்கத்துலயும் இல்லத்தா" என்றாள் பேச்சியம்மாள். "யாரு அது?"

கோகிலவாணி அவனைப் பார்த்தாள். அவளுக்கும் அவன் யார் என்று தெரியவில்லை.

"நம்ம பக்கம்தானுங்க" என்று சொல்லிவிட்டு, பாயச வாளியை எடுத்துக்கொண்டு அந்த வரிசைக்குப் போனாள்.